லேப் டைம் பிரேக்கை விடுவதில் இருக்கிறது

இருங்காட்டுக்கோட்டையில் ட்ராக் டே (சொந்தக் காரைப் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கிற நாள்) நடக்கிற வார இறுதியில், கார்கள் நிற்கிற பேடாக்கில் கொஞ்ச நேரம் நின்றால் காதில் விழுவதில் பாதி குதிரைத்திறன் கணக்காகத்தான் இருக்கும். ரீமேப் செய்தால் (இன்ஜின் கணினியின் நிரலை மாற்றினால்) எவ்வளவு ஏறும், எக்ஸாஸ்ட் மாற்றினால் எவ்வளவு, இன்டேக் போட்டால் எவ்வளவு. எனக்கும் அந்தப் பேச்சு பிடிக்கும், மணிக்கணக்கில் பேசுவேன். ஆனால் லேப் டைம் (ஒரு சுற்றை ஓட்டி முடிக்கிற நேரம்) என்று வந்துவிட்டால் என் கருத்து வேறு. வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு சனி ஞாயிறில் சொந்தக் காரை எடுத்துக்கொண்டு ட்ராக்குக்கு வருகிற எங்களைப் போன்றவர்களுக்கு, குறைக்க வேண்டிய விநாடிகள் இன்ஜினில் இல்லை. பிரேக் பெடலிலிருந்து காலை எப்படி எடுக்கிறோம் என்பதில் இருக்கின்றன.

புதிதாக வருகிறவர்களுக்காக இடத்தைப் பற்றிக் கொஞ்சம். சென்னையில் கார் பந்தயம் என்றால் ஒரு காலத்தில் சோழவரம்தான், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்கள். அப்புறம் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக ஒரு ட்ராக்கைக் கட்டியது, 1990இலிருந்து பெரும்பாலும் எல்லாம் அங்கேதான். ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். கோவைப் பக்கம் செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது, ஃபார்முலா மாருதி காரை வடிவமைத்த கரிவரதனின் பெயரில், அது 2.1 கிலோமீட்டர், சின்ன ட்ராக், ஆனால் மூச்சு விட நேரம் கொடுக்காது. 2011 முதல் 2013 வரை ஃபார்முலா 1 நடந்த கிரேட்டர் நொய்டாவின் புத்தா சர்க்யூட் 5 கிலோமீட்டருக்கு மேல், அங்கே நேர்ப்பாதை நீளம் என்பதால் குதிரைத்திறனுக்கு நிஜமாகவே மதிப்பு உண்டு. நம் ஊர் ட்ராக்கில் ஓட்டுநருக்குத்தான் மதிப்பு அதிகம். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை.

பேடாக்கில் பார்த்தாலே தெரியும். ஒரு பக்கம் போர்ஷே கேமன், பக்கத்தில் ஆக்டேவியா ஆர்எஸ், அதற்குப் பக்கத்தில் மாருதி ஸ்விஃப்ட், கொஞ்சம் தள்ளி இருபது வயதைத் தாண்டிய ஹோண்டா சிட்டி விடெக். அந்த விடெக்கில் 1.5 லிட்டர் இன்ஜின், நூற்றுச் சொச்சம் குதிரைத்திறன், அவ்வளவுதான். ஆனால் அதை ஓட்டுகிற கை தெரிந்த கையாக இருந்தால் நேர்ப்பாதையில் விட்டதை வளைவுகளில் திரும்ப எடுத்துவிடும். மூன்று மடங்கு சக்தியுள்ள காரின் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன், முன்னால் போகிறவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி 'போ' என்று வழிவிடுகிற வரைக்கும்.

என்னுடையது போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், முன்சக்கர இழுவை. அதில் இன்றுவரை இன்ஜின் பக்கம் கை வைக்கவில்லை. பிரேக் பேட், பிரேக் ஆயில், டயர், இவை மட்டும்தான் மாற்றம், அவையும் நேரத்துக்காக இல்லை, பத்திரத்துக்காக. அப்படியிருந்தும் லேப் டைம் மூன்று விநாடிக்கு மேல் குறைந்திருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் குழுவுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு அண்ணன் வருவார். முன்னாள் பந்தய ஓட்டுநர், பெயர் சொல்வதை விரும்பமாட்டார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு முதல் இரண்டு சுற்று ஒன்றுமே பேசமாட்டார். மூன்றாவது சுற்றில் ஒரு வளைவுக்கு முன்னால் மட்டும் வாயைத் திறந்தார்: "தம்பி, பிரேக் நல்லா அடிக்கிற. விடத்தான் தெரியல. இடுப்புக் குடத்தைத் தரையில இறக்கி வைக்கிற மாதிரி விடு, தண்ணி தளும்பக் கூடாது."

இந்த ஒரு வாக்கியத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்று புரிய கொஞ்சம் இயற்பியல் வேண்டும். பிரேக் அடித்தால் காரின் பாரம் முன்னால் சாய்கிறது, முன் டயர்கள் தரையில் அழுந்துகின்றன, அந்த அழுத்தம் இருக்கும்வரை அவற்றுக்குப் பிடிமானம் கூடுதல். ஸ்டியரிங்கைத் திருப்ப ஆரம்பிக்கிற அதே நொடியில் பிரேக்கைச் சட்டென்று விட்டால் மூக்கு மேலே எழும்பிவிடும். திரும்புவதற்குப் பிடிமானம் தேவைப்படுகிற நேரம் பார்த்து முன் டயரிலிருந்து பாரத்தை நாமே எடுத்துவிடுகிறோம். கார் நேராகவே போகப் பார்க்கும், இதைத்தான் அண்டர்ஸ்டியர் என்கிறார்கள். அப்போது என்ன செய்வோம்? ஸ்டியரிங்கை இன்னும் திருப்புவோம், கார் கேட்கும்வரை காத்திருப்போம், ஆக்ஸிலரேட்டர் மிதிக்க வேண்டிய இடம் எப்போதோ பின்னால் போயிருக்கும். அதற்குப் பதிலாக, நேர்க்கோட்டில் அழுத்தமாக மிதித்து, வளைவுக்குள் நுழையும்போது ஸ்டியரிங் கூடக் கூட பிரேக்கைக் குறைத்துக்கொண்டே போய், அபெக்ஸ் (வளைவின் உள் ஓரத்தைக் கார் தொடுகிற புள்ளி) நெருங்கும்போது காலில் பெடலின் எடை மட்டும் மிச்சமிருக்கிற மாதிரி விட்டால், மூக்கு தாழ்ந்தே இருக்கும், கார் தானாகவே உள்ளே திரும்பும். ட்ரெயில் பிரேக்கிங் என்பது இதுதான். பந்தயக்காரர்களின் மேல்நிலை வித்தை என்று நினைத்து ஒதுக்கி வைக்கிறவர்கள் நிறைய. முன்சக்கர இழுவைக் கார் ஓட்டுகிற யாருக்கும் இதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும் என்பேன். (கேமன் மாதிரி நடுவில் இன்ஜின் உள்ள கார் என்றால் அளவோடு; அதிகமானால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். ஆளோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.)

தாமதமாகப் பிரேக் அடிப்பதுதான் வீரம் என்ற நம்பிக்கை எங்கிருந்தோ நமக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 150 கிலோமீட்டரில் வந்து 70க்குக் குறைக்கிற ஒரு வளைவு. ஐந்து மீட்டர் தாமதமாகப் பிரேக் அடித்து, மற்ற எல்லாம் பிசகாமல் நடந்தால், கிடைப்பது 0.14 விநாடி மாதிரி. அதே வளைவில் நடுப்பகுதியின் 60 மீட்டரை 70க்குப் பதில் 75இல் கடந்தால் 0.2 விநாடி. வளைவிலிருந்து 3 கிலோமீட்டர் வேகம் கூடுதலாக வெளியேறி, அடுத்த 500 மீட்டர் நேர்ப்பாதை முழுக்க அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றினால், சராசரி 130 என்று வைத்துக்கொண்டால், இன்னொரு 0.3 விநாடி. ஆக பிரேக்கை மெதுவாக விடத் தெரிந்தவருக்கு அரை விநாடி, கடைசி நொடியில் அடித்தவருக்கு 0.14, அதுவும் அவர் அபெக்ஸைத் தவறவிடாமல் இருந்தால். தவறவிட்டால் அந்த நேர்ப்பாதை முழுவதும் கடன்தான். இது ஒரு வளைவின் கணக்கு, ஒரு சுற்றில் இப்படி எத்தனை வளைவுகள் இருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

லைன் (வளைவில் கார் எடுக்கிற பாதை) பற்றியும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. வளைவில் போகக்கூடிய வேகம் ஆரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு ஜி (காரின் எடைக்குச் சமமான) பிடிமானம் இருக்கிற டயரில் 50 மீட்டர் ஆரத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர் போகலாம் என்றால், 60 மீட்டர் ஆரத்தில் 87 போகலாம். ட்ராக்கின் அகலம் முழுவதையும் பயன்படுத்து என்று எல்லோரும் கத்துவது இதனால்தான். வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரம்வரை காரை விட்டால் ஆரம் கூடுகிறது, வேகம் இலவசமாகக் கிடைக்கிறது. கர்ப் (ட்ராக் ஓரத்து மேட்டு விளிம்பு) ஓரம் ஒரு மீட்டர் இடம் விட்டுப் போகிறவர் அந்த ஒரு மீட்டரை வீணாக்குகிறார். நம் சாலைகளில் லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் இடைவெளி விட்டே ஓட்டிப் பழகிய கைக்கு ஓரம்வரை போவதுதான் முதலில் கஷ்டமாக இருக்கும்.

கண். இதை யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் கை போவது கண் போன இடத்துக்கு. பிரேக் அடிக்கும்போதே அபெக்ஸைப் பார்க்க வேண்டும், அபெக்ஸை அடைவதற்கு முன்பே வெளியேறும் இடத்தைப் பார்க்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் போகிறோம். பானட்டுக்கு முன்னால் பத்து மீட்டரைப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் பார்த்த இடத்தை மூளை புரிந்துகொள்வதற்குள் அது டயருக்கு அடியில் போய்விடும். அந்த அண்ணன் ஒரு செஷன் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து "கண்ணு எங்க? கண்ணு எங்க?" என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தார். பிரதான நேர்ப்பாதை முடிவில் வருகிற சி1 வேகமான வளைவு, அதில் எல்லோருக்கும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் தானாக மேலே வரும். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு பெடலை அழுத்திப் பிடிப்பதால் அது சரியாகாது. சி1க்குப் பதில் அதற்கு அப்பால் பார்க்க ஆரம்பித்தால் கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே அமைதியாகிவிடும்.

இதெல்லாம் நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள டேட்டா வேண்டும். விலை உயர்ந்த லாகர் (டேட்டாவைப் பதிவு செய்கிற கருவி) தேவையில்லை. போனில் ரேஸ்குரோனோ மாதிரி ஒரு ஆப் போதும், ஆனால் போனுக்குள் இருக்கும் ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் விநாடிக்கு ஒருமுறைதான் இடத்தைக் குறிக்கும், மணிக்கு 150இல் அது 42 மீட்டருக்கு ஒரு புள்ளி. ஒரு வளைவே அந்த இடைவெளிக்குள் காணாமல் போய்விடும். விநாடிக்குப் பத்துமுறை குறிக்கிற தனி ரிசீவர் ஒன்றை ப்ளூடூத்தில் இணைத்துக்கொண்டால் நான்கு மீட்டருக்கு ஒரு புள்ளி, அது போதும். அப்புறம் வீட்டுக்கு வந்து வேகத்தைக் காட்டும் வரைபடக் கோட்டை மட்டும் பாருங்கள். பிரேக் அடிக்கும் இடத்தில் கோடு சரிந்து, கீழே தட்டையாகக் கொஞ்ச தூரம் ஓடி, அப்புறம் மேலே ஏறுகிறதா? அந்தத் தட்டை இருக்கிறதே, பிரேக்கும் இல்லாமல் ஆக்ஸிலரேட்டரும் இல்லாமல் கார் சும்மா உருண்ட தூரம், அங்கேதான் உங்கள் விநாடிகள் கிடக்கின்றன. எங்கள் குழுவில் எல்லோருடைய கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது வேகமானவருக்கும் மற்றவர்களுக்கும் நேர்ப்பாதையில் பெரிய வித்தியாசமே இல்லை. வித்தியாசம் முழுக்க அந்தத் தட்டையில்தான். அவருக்கு அது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பிரேக் முடிகிற இடத்திலேயே ஆக்ஸிலரேட்டர் ஆரம்பிக்கிறது.

ஆப் இன்னொன்றும் காட்டும்: ஒவ்வொரு செக்டாரிலும் (சுற்றைப் பிரித்த ஒவ்வொரு பகுதியிலும்) உங்களுடைய சிறந்த நேரத்தை எடுத்துக் கூட்டினால் என்ன லேப் வரும் என்று. அதற்கும் நிஜமாக ஓட்டிய சிறந்த லேப்புக்கும் ஒரு விநாடிக்கு மேல் இடைவெளி இருந்தால் காரை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை, அந்த நேரத்தை நீங்கள் ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்கள், ஒரே சுற்றில் இல்லை, அவ்வளவுதான்.

காசு செலவு செய்யத்தான் வேண்டும் என்றால் பிரேக்குக்குச் செய்யுங்கள். ஆளோடு 1200 கிலோ எடையுள்ள ஒரு காரை 150இலிருந்து 70க்குக் கொண்டுவர பிரேக் விழுங்குகிற ஆற்றல் எண்ணூறு கிலோஜூலுக்கு மேல், இரண்டரை லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. சில விநாடிகளில், ஒரு வளைவுக்கு. இந்தச் சூடு காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்துகிற பாகம்) வழியாக பிரேக் ஆயிலுக்குப் போகிறது. டாட் 4 என்ற தரத்தில் வருகிற புதிய ஆயில் குறைந்தபட்சம் 230 டிகிரி தாங்க வேண்டும் என்பது விதி, ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறினபின் தாங்க வேண்டிய அளவு 155 டிகிரிதான். கடற்கரை ஊர்க் காற்றில் இரண்டு வருடம் கிடந்த ஆயிலோடு ட்ராக்குக்கு வந்தால் நான்காவது சுற்றில் கொதிக்கும், கொதித்தால் குழாய்க்குள் ஆவி, பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. பந்தயத்துக்கென்று வருகிற ஆயில்கள் புதிதாக இருக்கும்போது 300 டிகிரிக்கு மேல் தாங்கும். ரீமேப் செலவில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். செஷனின் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிடுங்கள், பிட்டுக்கு (கார் நிறுத்துமிடத்துக்கு) வந்ததும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், சூடான டிஸ்க்கைப் பேட் கவ்விக்கொண்டு நிற்கும். கியரில் போட்டு சக்கரத்துக்கு ஒரு கட்டை வைத்தால் போதும்.

டயர் காற்றையும் இதே மாதிரி கவனிக்க வேண்டும். காலையில் 32 பிஎஸ்ஐ வைத்துக் கிளம்பினால் நாலைந்து சுற்றில் 38, 40 என்று ஏறிவிடும், டயர் பலூனாகி நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். செஷன் முடிந்த உடனே, ஆறுவதற்குள், அளந்து குறைக்க வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும்முன் மறக்காமல் மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள், நெடுஞ்சாலையில் காற்று குறைந்த டயர் ஆபத்து.

இதை எழுதும்போது ஈசிஆரில் நள்ளிரவில் ஓட்டுகிற பையன்கள் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களை வெறுமனே திட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை, வேகத்தின் மீதான ஆசை எனக்கும் இருக்கிறது. ஆனால் தம்பிகளே, அங்கே நாயும் மாடும் வீட்டுக்குப் போகிற குடும்பங்களும் குறுக்கே வரும், மார்ஷல் இல்லை, மஞ்சள் கொடி இல்லை, ஆம்புலன்ஸ் தயாராக நிற்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189வது பிரிவில் பொதுச்சாலைப் பந்தயத்துக்கு முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம். எல்லாவற்றுக்கும் மேல், நேர்ச்சாலையில் பெடலை மிதிப்பதில் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லை. ஒரு நாள் ட்ராக்குக்கு வாருங்கள். முழுமுகம் மூடிய ஹெல்மெட், முழுக்கைப் பருத்திச் சட்டை (செயற்கை இழை தீப்பட்டால் உருகி உடம்பில் ஒட்டும்), மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூ, காருக்குள் உருளுகிற தண்ணீர் பாட்டிலையும் தரை விரிப்பையும் எடுத்துவிட்டு வந்தால் போதும். வீல் போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கிவிடுங்கள். காலையில் நடக்கிற பிரீஃபிங்கைத் தவறவிடாதீர்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்: நம் ஊர் கார் இன்சூரன்ஸ் பாலிசியில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டவை என்று அச்சிட்டே இருக்கும். அங்கே காருக்கு ஏதாவது ஆனால் செலவு உங்களுடையது என்று எண்ணியே ஓட்டுங்கள். தாங்க முடியாத விலையுள்ள காரைக் கொண்டுவராதீர்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செஷன் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், ட்ராக் ஈரமென்றால் பாதிப் பேர் காரை எடுக்கமாட்டார்கள், இடம் தாராளமாக இருக்கும். ஈரத்தில் வழக்கமான லைனில் போகக்கூடாது, வருடக்கணக்காகத் தேய்ந்த ரப்பர் படிந்து அதுதான் அதிகம் வழுக்கும். அதை விட்டு விலகி, வெளிப்பக்கச் சொரசொரப்பைத் தேடிப் போக வேண்டும். பிரேக்கை முரட்டுத்தனமாக விட்டால் என்ன ஆகும் என்று உலர்ந்த ட்ராக் 120இல் சொல்வதை ஈரமான ட்ராக் 60இலேயே சொல்லிவிடும். நான் ட்ரெயில் பிரேக்கிங் உருப்படியாகக் கற்றது அப்படி ஒரு மழை நாளில்தான், டைமரைப் பார்க்காமல், வளைவு வளைவாக, காலின் அழுத்தத்தை மட்டும் கவனித்துக்கொண்டு.